மாடி விடுதியில் புகைக்கு எந்த வழி? செட்டிநாட்டில் கட்டுவோருக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடியின் நூறடிச் சாலையிலும் செக்காலைப் பக்கமும் நான்கு மாடி, ஐந்து மாடித் தங்கும் விடுதிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் போன்ற ஊர்களில் பழைய நகரத்தார் வீடுகள் சில, முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் மாறாமலே விடுதிகளாகியிருக்கின்றன. இவற்றைக் கட்டுவோரும் மாற்றுவோரும் தீயணைப்பான், தண்ணீர்த் தொட்டி, பம்பு ஆகியவற்றை ஓரளவு எளிதாக முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்கள் தயங்கி நிற்கும் இடம் புகை. கட்டடக் கலைஞர் சன்னல் வைத்த படிக்கட்டே போதும் என்கிறார். மின்வேலை எடுத்தவர் படிக்கட்டுக் கூட்டுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி வேண்டும் என்கிறார். ஏசி வேலைக்காரர் ஒவ்வொரு மாடியின் நடைவழியிலும் புகையை உறிஞ்சி வெளியேற்ற டக்ட் (காற்றுக் குழாய்) போடலாம் என்று இன்னொரு விலைப்புள்ளி கொடுக்கிறார். மூவர் சொல்வதும் சரியாக இருக்கும் கட்டடங்கள் உண்டு. மூவர் சொல்வதும் வீண் செலவாகும் கட்டடங்களும் உண்டு.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து மாடிக்கு உட்பட்ட விடுதியில், வெளிச்சுவரை ஒட்டிப் படிக்கட்டு அமைக்க மனையில் இடம் இருக்குமானால், இயந்திரத்தை நம்பும் இரண்டு வழிகளுக்கும் முன்பாக அதைத்தான் பார்க்க வேண்டும். இடம் இல்லாத மனையில் நிலைமை முற்றிலும் வேறு.

## தீயை விட்டுவிட்டுப் புகையைப் பேசுவது ஏன்

1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், எம்.ஜி.எம். கிராண்ட் என்ற 26 மாடி விடுதியின் கீழ்த்தள உணவகத்தில் தீப்பற்றியது. தீ பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே நின்றது. ஆனால் இறந்த 85 பேரில் மிகப் பெரும்பாலோர் மேல்மாடிகளில், தீயைக் கண்ணால் பார்க்காமலே புகையில் இறந்தார்கள். படிக்கட்டுக் கூடுகளும் லிஃப்ட் கூடுகளும் காற்றுக் குழாய்களும் புகையை மேலே கொண்டு சேர்த்திருந்தன. அவ்வளவு உயரமான கட்டடம் நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு, 2019 பிப்ரவரி 12 அதிகாலையில் டெல்லி கரோல் பாக்கில் தீப்பற்றிய விடுதியைச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் கட்டப்படும் விடுதிகளின் உயரம்தான் அதற்கும். அங்கே 17 பேர் இறந்தனர். நடைவழிச் சுவர்களில் பதித்திருந்த மரப்பலகை தீயையும் புகையையும் விரைவாகப் பரப்பியதாக அப்போது சொல்லப்பட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தாவின் மெச்சுவா பகுதியில் ஒரு விடுதியில் 14 பேர் இறந்தபோதும், பலரைக் கொன்றது மூச்சுத்திணறல்தான்.

மெத்தையின் நுரை, திரைச்சீலை, ஏசியின் பிளாஸ்டிக் உறை ஆகியவை எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்கிறது. நிறமும் மணமும் இல்லாத வாயு என்பதால் தூங்குகிறவரை அது எழுப்புவதில்லை. விடுதி விருந்தினர் தூங்குகிறவர். கட்டடம் அவருக்குப் புதிது என்பதால் இருட்டில் எந்தப் பக்கம் படிக்கட்டு என்றும் தெரியாது. வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விடுதியைப் பிரிப்பவை இந்த இரண்டும்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், படிக்கட்டு எவ்வளவு நேரம் தெளிவாக இருக்கும் என்பது. நடைவழி சில நிமிடங்களில் புகையால் நிறைந்துவிட்டாலும், படிக்கட்டு தெளிவாக இருந்தால் ஆட்கள் இறங்கிவிடலாம். தீயணைப்பு வீரர்களும் அதன் வழியாகத்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் போனபின் அந்த ஏற்பாடு வேலை செய்யுமா என்பது. விடுதித் தீ பலவும் மின்கசிவில் தொடங்குவதால், தீயும் மின்தடையும் ஒன்றாகவே வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

மூன்றாவது, திறப்பு விழா முடிந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இந்தக் கேள்வியை எந்த விலைப்புள்ளியும் கேட்பதில்லை. காரைக்குடியில் ஏசி மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் அழுத்த உணர்வியையும் டேம்பர் (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) மோட்டாரையும் சரிபார்க்கத் தெரிந்தவர் பெரும்பாலும் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டும்.

நான்காவது, அது எத்தனை அறைகளைத் தின்னும் என்பது. ஐந்தாவது சட்டம், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேசியக் கட்டடக் கோவை 2016 (National Building Code; இனி 'கோவை' என்பது இதையே குறிக்கும்), அதன் நான்காம் பகுதியில், 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளவற்றை உயர்மாடிக் கட்டடம் என்று கொள்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 அந்தக் கோட்டை 18.30 மீட்டரில் போடுகிறது. தரைத்தளமும் நான்கு மாடியும், தளத்துக்கு 3.3 மீட்டர் வீதம், 16.5 மீட்டர் ஆகிறது. அதாவது இங்கே மிகப் பரவலாகக் கட்டப்படும் விடுதியின் உயரம் சரியாக இந்த இடைவெளியில் வந்து விழுகிறது. மாநில விதிப்படி உயர்மாடி இல்லை என்பதால் புகைக் கட்டுப்பாட்டை விட்டுவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்றுக்கு வரைபடம் போகும்போது எழும் கேள்விகள் பெரும்பாலும் கோவையின் மொழியிலேயே இருக்கும். கூரை போட்ட பிறகு படிக்கட்டை நகர்த்த முடியாது. 15 மீட்டரைக் கோடாக வைத்துக்கொண்டு வரைவதே நல்லது.

ஆறாவது அளவுகோல் நம் ஊர் வெயில். குளிர்நாட்டு நூல்களில் கட்டடத்துக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறும்; அதனால் புகையும் மேலே ஏறும். இங்கே ஏசி போட்ட விடுதிக்குள் 24 பாகை செல்சியஸ், வெளியே 35 பாகை என்றால் நடப்பது நேர்மாறு: உள்ளே உள்ள குளிர்ந்த காற்று கனமானது, அது படிக்கட்டுக் கூட்டில் கீழ்நோக்கி நகரப் பார்க்கும். 16.5 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால் இந்த விசை ஏறத்தாழ 7 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரும். கொழுந்துவிட்டு எரியும் தீயின் புகையை அது தடுக்காது. ஆனால் புகைந்துகொண்டே இருக்கும் மெத்தையிலிருந்து வரும், பாதி ஆறிப்போன புகையைக் கீழ்மாடிக்கும் இறக்கிவிடப் போதுமானது. "மொட்டைமாடியில் ஒரு ஓட்டை வைத்தால் புகை போய்விடும்" என்ற நம்பிக்கையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இது.

## முதல் வழி: வெளிச்சுவர்ப் படிக்கட்டும் திறந்த காற்றோட்டமும்

படிக்கட்டின் ஒரு பக்கமாவது வெளிச்சுவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு லேண்டிங்கிலும் (படிகளுக்கு இடைப்பட்ட மேடை), உச்சியிலும், அரைச் சதுர மீட்டர் அளவுக்குக் குறையாத திறப்பு இருக்க வேண்டும். நடைவழிக்கும் படிக்கட்டுக்கும் நடுவே தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு இருக்க வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. கதவு முதல் தடை. அதையும் தாண்டி வரும் புகை லேண்டிங் திறப்பின் வழியே வெளியேறும். மின்சாரம், உணர்வி, ஆள் எதுவும் தேவையில்லை.

இதைவிடவும் சிறந்த ஒரு வடிவம் உண்டு. பழைய ஊர் லாட்ஜுகளில் அது தற்செயலாகவே அமைந்திருந்தது. அறைகள் எல்லாம் மூடிய நடைவழிக்குப் பதிலாக, ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் மட்டும் உள்ள திறந்த தாழ்வாரத்தில் திறக்கும். அப்படிப்பட்ட மாடியில் ஓர் அறை எரிந்தாலும் தாழ்வாரத்தில் புகை தங்குவது கடினம். அறைக்கு உள்ளே மட்டும் ஏசி போதும் என்று விருந்தினர் ஏற்றுக்கொள்ளும் நடுத்தர விலை விடுதிக்கு இதைவிட மலிவான, உறுதியான புகைக் கட்டுப்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிறவர்கள் ஓர் இரவு தங்கிப் போகும் விடுதிகளுக்கு மூடிய நடைவழி ஏன் தேவை என்பதை உரிமையாளர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியிலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் லேண்டிங் திறப்பு வழியாகச் சாரல் அடிக்கும். கிரானைட் படி வழுக்கும். கோடையில் புழுதியும் எல்லாக் காலத்திலும் கொசுவும் வரும். "மழைத்தண்ணி உள்ள வருதுண்ணே, அதான் அடைச்சுட்டோம்" என்று மேற்பார்வையாளர் சொல்லும் விடுதிகளில், அந்தத் திறப்புகளில் பாலிகார்பனேட் தகடு திருகாணியால் முடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். திறப்பு வரைபடத்தில் இருக்கும், சான்றிதழில் இருக்கும், சுவரில் இருக்காது. ஆகவே முதலிலேயே சாய்தகடுகள் வைத்த நிலையான திறப்பாக அமைத்து, அதன் கீழ் விளிம்பை வெளிப்பக்கம் சரித்து, லேண்டிங்கில் ஒரு வடிகால் துளையும் விட்டுவிட வேண்டும். மூடித் திறக்கும் சன்னலாக வைத்தால் அது மூடித்தான் இருக்கும்.

காற்றின் திசை இன்னொரு குறை. ஒரே பக்கத்தில் திறப்பு வைத்தால், ஆடி மாதத்து மேல்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசும்போது புகையை வெளியே விடாமல் உள்ளேயே தள்ளும். இரண்டு படிக்கட்டுகளையும் கட்டடத்தின் எதிரெதிர்க் கோடிகளில், வெவ்வேறு திசை பார்த்து வைப்பது இதற்கு ஓரளவு மருந்து. வெளியேறும் வழிக்கான நடைதூரம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கோவையின் வரம்புக்கும் அதுவே வசதி.

### வளவுக்கு மேல் கண்ணாடி போடுவது

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லாமல் போக முடியாது. பழைய வீட்டின் வளவு திறந்த முற்றத்தைச் சுற்றியது. கீழே ஓர் அறையில் புகை கிளம்பினால் முற்றத்தை ஒட்டிய பட்டாலைக்கு வந்து, முற்றத்தின் வழியே வானத்துக்குப் போய்விடும். தடித்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் எரியாதவை. பருமனான தேக்குத் தூண்களும் உத்தரங்களும் பயப்படும் அளவுக்கு மோசமானவை இல்லை: அடர்த்தியான மரம் தீயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வீதமே கரியாகி உள்ளே போகும், மேலே படியும் கரி அடுத்த அடுக்கைக் காக்கும். ஆபத்து மெல்லிய பலகையிலும், அதன் மேல் ஆண்டுக்கு ஆண்டு பூசும் வார்னிஷிலும், புதிதாகச் செருகிய மின்கம்பிகளிலும்தான் இருக்கிறது.

அந்த முற்றத்தை ஏசிக்காகவும், மழைக்காலத்தில் சாப்பாட்டு மேசை போடுவதற்காகவும் கண்ணாடியாலோ பாலிகார்பனேட்டாலோ மூடிவிட்டால், வீட்டின் புகைபோக்கி அடைபட்டுவிடுகிறது. கீழ்வளவில் கிளம்பும் புகை மூடியின் அடியில் தேங்கி, முதலில் நிறைப்பது மாடி அறைகளின் வாசலைத்தான். மூடியே ஆக வேண்டும் என்பவர்கள் மூடியைச் சுவரின் மேல் நேரே உட்கார வைக்காமல், நாற்புறமும் ஓரடிக்குக் குறையாத இடைவெளி விட்டு உயர்த்தி வைக்கலாம். ஏசி போய்விடும் என்று வருந்துகிறவர்கள் இதை முதல் வழியின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மூன்றாம் வழிக்குச் செல்ல வேண்டும்.

பழைய வீடுகளுக்கு ஒரு பெரிய வரமும் உண்டு. பல வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் வாசல்கள் அமைந்திருப்பதால், தரைத்தளத்தில் எதிரெதிர்த் திசையில் இரண்டு வெளியேறும் வழிகள் இயல்பாகவே கிடைக்கின்றன. பின்வாசலில் பூட்டுத் தொங்கினால் அந்த வரம் வீண். மாடிக்குப் போகும் படியோ பெரும்பாலும் ஒடுக்கமானது, செங்குத்தானது. மாடியில் அறை விடுவதானால் இரண்டாம் கட்டுப் பக்கம் வெளியிலிருந்து ஏறும் இன்னொரு படிக்கட்டு இல்லாமல் முடியாது.

## இரண்டாம் வழி: படிக்கட்டுக்குள் அழுத்தக் காற்று

படிக்கட்டுக் கூட்டை நடைவழியைவிடச் சற்று அதிகக் காற்றழுத்தத்தில் வைத்துவிட்டால், கதவிடுக்கு வழியே காற்று படிக்கட்டிலிருந்து நடைவழிக்குத்தான் போகும். புகை எதிர்நீச்சல் போட்டு உள்ளே வர முடியாது. கோவை படிக்கட்டுக்கு 50 பாஸ்கல் கேட்கிறது. அது ஐந்து மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். வெளிச்சுவரே கிடைக்காமல் கட்டடத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட படிக்கட்டுக்கு இதுதான் வழி. அங்கே திறந்த காற்றோட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் தெரியும். ஒரு மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவின் மேல் 50 பாஸ்கல் அழுத்தும்போது மொத்த விசை 105 நியூட்டன். கைப்பிடியில் அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது ஐந்தரைக் கிலோ எடையைத் தள்ளும் அளவு, தேவைப்படும். கதவை மூடவைக்கும் டோர் குளோசரின் விசையும் இதோடு சேரும். வெளியேறும் கதவு படிக்கட்டை நோக்கித் திறப்பதால், விருந்தினர் இந்தக் காற்றை எதிர்த்துத்தான் தள்ள வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து தங்கியிருக்கும் ஆச்சியால் அது முடிய வேண்டும். அளவுக்கு மேல் பெரிய விசிறியை வாங்கி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் டேம்பரை மிச்சம் பிடித்தால், அழுத்தம் இரட்டிப்பாகிக் கதவே திறக்க முடியாத நிலை வரும். விலைப்புள்ளியில் அந்த டேம்பர் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. திறந்த கதவின் வழியே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வெளியேறினால்தான் புகை நுழையாது என்று வைத்துக்கொண்டால், ஒரு கதவுக்கு நொடிக்கு 2.1 கன மீட்டர் காற்று வேண்டும்; ஒரே நேரத்தில் மூன்று மாடிக் கதவுகள் திறந்திருந்தால் 6.3. சிறிய விசிறி முதல் கதவிலேயே தோற்றுவிடும். அதனால் எத்தனை கதவு திறந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கதவைத் திறந்தே வைப்பவர்கள் விடுதிக்காரர்களேதான். முகூர்த்த நாட்களில் மூன்றாம் மாடி லேண்டிங்கில் கூடுதல் மெத்தைகள் சுருட்டி அடுக்கப்பட்டிருக்கும். சலவைக்குப் போகும் போர்வை மூட்டைகளும் சீர்ப் பாத்திரப் பெட்டிகளும் அதன் மேல் ஏறியிருக்கும். ஏறி இறங்கும் பையன்களுக்கு இடைஞ்சல் என்று தீத்தடுப்புக் கதவின் அடியில் ஒரு தீயணைப்பானையே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். முதல் வழியிலும் இது தவறுதான்; ஆனால் அங்கே லேண்டிங் திறப்பாவது மிஞ்சும். இந்த வழியில் கதவு திறந்தே கிடந்தால் விசிறிக்குச் செலவழித்த பணம் முழுவதும் அந்தக் கதவு வழியே போய்விடும்.

விசிறி காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்பது அடுத்த கேள்வி. மொட்டைமாடியில் சமையற்கூடமும் ஜெனரேட்டர் புகைக்குழாயும் வைத்திருக்கும் விடுதிகளில் அதே இடத்தில் விசிறியை வைத்தால், தீ நாளில் அது புகையையே படிக்கட்டுக்குள் ஏற்றும். காற்று எடுக்கும் வாயில் புகை உணர்வி இருந்து, புகை வந்தால் விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு, மூடிய படிக்கட்டில் வேறெந்தக் காப்பும் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு மேல் ஜெனரேட்டர், அதிலிருந்து விசிறி வரை தீயைத் தாங்கும் தனிக் கம்பி, வாரந்தோறும் ஓட்டிப் பார்ப்பது, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவை கட்டடம் நிற்கும்வரை தொடரும் செலவு.

## மூன்றாம் வழி: விசிறி வைத்துப் புகையை உறிஞ்சுவது

கேட்கும்போது மிக இயல்பாகத் தோன்றும் வழி இதுதான். புகை வந்தால் உறிஞ்சி வெளியே விடு. சிறிய விடுதிகளின் நடைவழிக்கு நான் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள்.

30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள நடைவழியின் கொள்ளளவு ஏறத்தாழ 146 கன மீட்டர். தரைக்குக் கீழுள்ள அடித்தளங்களுக்குக் கோவை சொல்லும் மணிக்கு 12 முறை காற்று மாற்றத்தை இங்கே போட்டால் நொடிக்கு அரைக் கன மீட்டர்கூட வராது. அறைக் கதவு திறந்த நிலையில் ஒரு கட்டில் முழுதாக எரியும்போது வெளியே கொட்டும் புகை இதை எளிதாக மிஞ்சிவிடும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது: உறிஞ்சப்பட்ட நடைவழியின் அழுத்தம் குறைவதால், எரியும் அறையிலிருந்து அதிகப் புகை அதற்குள் இழுக்கப்படும். உறிஞ்சும் காற்றுக்கு ஈடாகக் கீழ்மட்டத்தில் புதுக்காற்று வர வழி விடாவிட்டால், விசிறி வெறுமனே முனகிக்கொண்டிருக்கும்.

இந்த வழி வேறெதாலும் ஈடு செய்ய முடியாததாகும் இடங்கள் உண்டு: கார் நிறுத்தும் அடித்தளம், பல மாடி உயரத்துக்குத் திறந்த கூடம், மேலே சொன்ன மூடிய முற்றம். அங்கெல்லாம் புகை மேலே தேங்க உயரமும் இடமும் இருப்பதால், உச்சியிலிருந்து உறிஞ்சினால் ஆட்கள் நடக்கும் மட்டம் தெளிவாக இருக்கும். அப்போதும் ஒரே பெரிய விசிறியைவிடப் பரவலாக வைத்த பல சிறிய வாய்களே மேல். ஒரே இடத்தில் வேகமாக இழுத்தால் மெல்லிய புகைப் படலத்தைத் துளைத்துக் கீழுள்ள நல்ல காற்றைத்தான் விசிறி எடுக்கும். விசிறி 250 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். சாதாரண எக்ஸாஸ்ட் விசிறி அந்தச் சூட்டில் நிற்காது. விலையில் பெரிய வேறுபாடு வருவது இங்கேதான். குறைந்த விலைப்புள்ளியில் விட்டுப்போயிருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | திறந்த காற்றோட்டம் | அழுத்தக் காற்று | உறிஞ்சும் விசிறி |
|---|---|---|---|
| படிக்கட்டுத் தெளிவு | நன்று. எதிர்க்காற்றில் குறையும் | கதவுகள் மூடியிருந்தால் மிக நன்று | நேரடியாகக் காப்பதில்லை |
| மின்சாரம் இல்லாதபோது | வேலை செய்யும் | ஜெனரேட்டர் வேண்டும் | ஜெனரேட்டர் வேண்டும் |
| ஐந்தாண்டுக்குப் பின் | திறப்பை அடைக்காமல் பார்த்தால் போதும் | விசிறி, உணர்வி, டேம்பர், கதவுப் பராமரிப்பு | அதோடு டக்ட் சுத்தமும் |
| இட இழப்பு | வெளிச்சுவரில் ஓர் அறை அளவு | மொட்டைமாடியும் காற்றுக் கூடும் | தாழ்ந்த கூரை, செங்குத்து டக்ட் |
| முக்கிய மறைசெலவு | சாரல், புழுதி, ஏசி இழப்பு | கம்பி, ஜெனரேட்டர், சோதனை | வெப்பம் தாங்கும் விசிறி, புதுக்காற்று வழி |
| பொருந்தும் இடம் | பக்கவெளி உள்ள மனை | நடுவில் அமைந்த படிக்கட்டு | அடித்தளம், மூடிய முற்றம் |

## எந்த வழியானாலும் தப்ப முடியாதவை

படிக்கட்டைக் காத்துவிட்டு மற்ற ஓட்டைகளை விட்டுவிட்டால் பயனில்லை. குளியலறைகளின் காற்று எல்லாம் ஒரே செங்குத்துக் கூட்டில் சேருமானால், இரண்டாம் மாடிப் புகை நான்காம் மாடிக் குளியலறையில் எட்டிப் பார்க்கும். கேபிள் போகும் கூடுகளைத் தளத்துக்குத் தளம் தீத்தடுப்புக் கலவையால் அடைக்க வேண்டும். கட்டும்போது இதன் செலவு அற்பம். பழைய வீட்டின் இரட்டைக் கதவுகள் பருமனில் குறையில்லாதவை என்றாலும் நடுவிலும் அடியிலும் வெளிச்சம் தெரியும் இடுக்கு உள்ளவை. சூட்டில் உப்பும் பட்டையையும் இடுக்கை அடைக்கும் தூரிகைப் பட்டையையும் பதித்தால் கதவின் அழகு கெடாமல் புகை நிற்கும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இடுக்கோரம் பிடித்துப் பார்த்தால் காற்று எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இந்த மூன்றுக்கும் மாற்றாகாது. மூன்றின் வேலையையும் அது குறைக்கும். அதன் தலையிலுள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 பாகையில் உடையும்; எந்த அறையில் சூடு ஏறுகிறதோ அந்த அறையின் தலை மட்டுமே தண்ணீர் விடும். ஓர் அறையில் புகை கிளம்பினால் விடுதி முழுவதும் நனைந்துவிடும் என்று அஞ்சி அதை மறுக்கும் உரிமையாளர்கள் திரைப்படக் காட்சிகளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

## யாருக்கு எது

பக்கவெளி விட்டுக் கட்டும் புதிய நான்கு மாடி விடுதிக்கு, எதிரெதிர்க் கோடியில் இரண்டு வெளிச்சுவர்ப் படிக்கட்டுகள். முடிந்தால் திறந்த தாழ்வாரம். அழுத்தக் காற்றுக்குப் போகும் பணத்தை நல்ல கதவுகளுக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் போடுவது மேல். இரண்டு படிக்கட்டுகளால் மாடிக்கு ஓர் அறை குறையும். அந்த வருவாய் இழப்பையும், விசிறி, ஜெனரேட்டர், பராமரிப்பு ஆகியவற்றின் பத்தாண்டுச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

கடைத்தெருவில் இருபக்கமும் சுவர் ஒட்டிய குறுகலான மனையில், முன்பக்கப் படிக்கட்டு வெளிச்சுவரிலும் பின்படிக்கட்டு உள்ளேயும் அமைய நேர்ந்தால், இரண்டையும் கலக்கலாம்: முன்னதற்குத் திறப்பு, பின்னதற்கு அழுத்தக் காற்று. ஒரே படிக்கட்டில் இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது; திறப்பு வழியே அழுத்தம் ஓடிவிடும். அடித்தளத்தில் கார் நிறுத்தம் இருந்தால் அங்கு மட்டும் உறிஞ்சும் விசிறி. அந்தத் தளத்திலிருந்து வரும் படி, மாடிப் படிக்கட்டோடு நேரே சேராமல் தரைத்தளத்திலேயே பிரிய வேண்டும்.

இரண்டு மாடிப் பாரம்பரிய வீட்டுக்கு, முற்றத்தைத் திறந்தே வைத்துப் பின்பக்கம் ஒரு படிக்கட்டைச் சேர்ப்பது. இதில் பெரும் இயந்திரம் எதுவும் தேவைப்படாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் ஒரே படிக்கட்டு உள்ள பழைய லாட்ஜுதான் கடினமான வழக்கு. பின்பக்கம் ஆறடி இடம் இருந்தாலும் வெளியே இரும்புப் படிக்கட்டு ஒன்றை எழுப்புவது முதல் வேலை. மாடிக்கு ஓர் அறையை இடித்து அதற்கு வழி விட வேண்டியிருக்கும். அந்த இடமும் இல்லையென்றால் இந்த ஆண்டு கதவுகளும் புகை உணர்விகளும், அடுத்த ஆண்டு அழுத்தக் காற்றும் என்று பிரித்துச் செய்யலாம்; கதவு இல்லாமல் விசிறியை முதலில் வாங்குவதில் பொருளில்லை. ஒரே படிக்கட்டு என்ற குறை அதன் பிறகும் இருக்கும். ஆகவே இரண்டாம் படிக்கட்டுக்கு எந்த வகையிலும் இடம் கிடைக்காத கட்டடத்தில், மேல் இரண்டு மாடிகளில் இரவுத் தங்கலை நிறுத்திவிட்டுப் பகல்நேரப் பயன்பாட்டுக்கு மட்டும் அவற்றை விடுவதே நான் சொல்லக்கூடிய ஆலோசனை.